சலுகையும் கணக்கும்

(பாலசமுத்திரத்தில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதலே நம் சங்கத்தின் மரபு. அங்கே வரியைப் பற்றிப் பேசுவது, பந்தியில் அமர்ந்தவர் முன் கடன் பத்திரத்தை விரிப்பது போலத் தோன்றலாம். ஆயினும், நம் காலனியிற் பல வீடுகளில் அடுப்பெரிவது ஆலைகள் ஓடுவதால்தான். அவ்வாலைகள் இப்பக்கம் வந்ததற்குரிய காரணங்களுள் ஒன்று அரசாங்கம் அளித்த வரிச் சலுகை. ஆதலால் அதன் கணக்கை அறிந்துகொள்வது நம் கடமையன்றோ?

முதலில் நாம் நிற்கும் மண்ணை எண்ணிப் பார்ப்போம். 1953ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறக்கும்வரை சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தின் பகுதியாகவே இருந்தது. பின்னர் 1960 ஏப்ரல் 1ஆம் நாள் எல்லை மாற்றம் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி அங்கே சென்றது. செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேட்டுப் பகுதி இங்கே வந்தது. அந்தச் சத்தியவேட்டையும் தடாவையும் ஒட்டித்தான் 2008இல் ஸ்ரீசிட்டி எழுந்தது. இன்று அது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. சென்னையில் ஓடும் மெட்ரோ இரயில் பெட்டிகளிற் பல அங்கே உருவானவை. 2025 மே மாதத்தில் எல்.ஜி. நிறுவனம் சுமார் 5,000 கோடி ரூபாய் முதலீட்டில் ஓர் ஆலைக்கு அங்கே அடிக்கல் நாட்டியது. சென்னைத் துறைமுகம் அருகில், அரசாங்கமோ ஆந்திரம். ஒரு கோடு கிழித்தமையால் ஒரே நிலப்பரப்பு இரண்டு அரசாங்கங்களின் போட்டிக் களமாயிற்று.

அப்போட்டியில் அரசுகள் கொடுப்பவை யாவை? ஆலை செலுத்தும் விற்பனை வரியை முன்னாளில் விட்டுக்கொடுத்தார்கள், அல்லது வாங்கித் திருப்பிக் கொடுத்தார்கள். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. அது பொருள் நுகரப்படும் மாநிலத்திற்குச் செல்லும் வரி. இங்கே செய்த பொருள் சென்னையில் விற்றால் மாநிலத்திற்குரிய பங்கு தமிழ்நாட்டிற்கே சேரும். ஆகவே இன்றைய சலுகைகள் மாநிலத்திற்குள் விற்ற பொருளின் வரியைத் திருப்பிக் கொடுத்தல், முத்திரைக் கட்டணம், மின் வரி, மலிவு விலையில் நிலம், முதலீட்டு மானியம் எனப் பல வடிவங்களில் வருகின்றன. மத்திய அரசும் சும்மா இருக்கவில்லை. 2014ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் சித்தூர் உள்ளிட்ட ஏழு ஆந்திர மாவட்டங்களைப் பிற்பட்ட பகுதிகளாக அறிவித்து, 2015 ஏப்ரல் முதல் ஐந்தாண்டுகளுக்குள் அங்கு தொடங்கப்பெறும் ஆலைகள் புதிய இயந்திரங்களின் விலையில் 15 விழுக்காட்டை வருமானத்திலிருந்து கூடுதலாகக் கழித்துக்கொள்ள இடமளித்தது.

இவற்றை நாம் வெறுப்போடு கூறவில்லை. இராயலசீமையின் வானம் பார்த்த நிலத்தை விட்டுப் பிழைப்புத் தேடிப் போனவர் எத்தனை பேர்! பிள்ளைகள் வீட்டிலிருந்தே வேலைக்குச் செல்ல வேண்டுமென்று ஓர் அரசு விரும்பினால் அது குற்றமாகாது. நாம் கேட்பது ஒன்றே: கொடுத்ததற்கு ஈடாக எது கிடைத்தது? எத்தனை காலம் நிலைத்தது?

ஸ்ரீபெரும்புதூரை நினைத்துப் பாருங்கள். 2005இல் ஒப்பந்தம் செய்து, 2006இல் நோக்கியா நிறுவனம் அங்கே கைப்பேசி செய்யத் தொடங்கியது. மதிப்புக்கூட்டு வரியைத் திருப்பித் தருவதாக மாநில அரசு உடன்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் வேலை பெற்றனர். பிறகு வரி வழக்குகள் மூண்டன. கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்ட் நிறுவனத்திற்குக் கைமாறியபோது அவ்வாலை வழக்கில் சிக்கி அதிற் சேராமல் நின்றது. 2014 நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தி நின்றது. அதற்கு உறுப்புகள் செய்துவந்த பாக்ஸ்கான் ஆலையும் அடுத்த சில மாதங்களில் கதவடைத்தது. 2015ஆம் ஆண்டிலேயே அந்தப் பாக்ஸ்கான் எல்லைக்கு இப்பால் ஸ்ரீசிட்டியில் வேறொரு நிறுவனத்திற்காகக் கைப்பேசி செய்யத் தொடங்கியது. பின்னாளில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் அதன் தொழில் மீண்டும் பெருகியது. நிறுவனத்திற்கு எல்லை ஒரு வாய்க்கால், தாண்டிவிடும். வாடகை முன்பணம் கொடுத்து, பிள்ளையைப் பள்ளியிற் சேர்த்து, தவணையில் வண்டி வாங்கிய தொழிலாளிக்கோ அது கடல்.

நம்மிடையேயும், வேறோர் ஊரில் ஓர் ஆலை மூடப்பட்டபோது வாயிற்கதவில் ஒட்டிய அறிவிப்பைக் கண்டு திரும்பிய குடும்பங்கள் உண்டு. அந்த ஆண்டு தம் பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுந்ததை அவர்கள் இன்றும் மறக்கவில்லை. ஆலை வாங்கிய சலுகைக்குக் கணக்கு இருந்தது. அப்பிள்ளைகள் இழந்த ஓராண்டிற்குக் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2017இல் அதே பாக்ஸ்கான் 1,000 கோடி டாலர் முதலீடும் 13,000 வேலைகளும் தருவதாகக் கூறிற்று. மாநிலம் ஏறத்தாழ 300 கோடி டாலர் சலுகை தர இசைந்தது. 2021இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது வேலைகள் 1,454 ஆகவும், சலுகை 8 கோடி டாலராகவும் சுருங்கின. அம்மாநிலம் பெருநட்டத்திலிருந்து தப்பியது எதனால்? வேலை கொடுத்த பின்னரே சலுகை என்று எழுதி வைத்திருந்ததனால். ஆனால் நிலத்திற்கும் சாலைக்கும் முன்கூட்டியே செலவிட்ட உள்ளூர் மன்றங்களுக்குச் சுமை சுமையாகவே நின்றது. செய்தபின் கொடு என்பதற்கும் கொடுத்துவிட்டுக் காத்திரு என்பதற்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

நம் நாட்டு மாநிலங்களும் ஒருமுறை விழித்துக்கொண்டதுண்டு. 1999ஆம் ஆண்டின் இறுதியில் முதலமைச்சர்கள் டில்லியிற் கூடி, 2000 ஜனவரி முதல் விற்பனை வரிக்குப் பொதுவான அடிவரம்பு வைப்பதென்றும், புதிய ஆலைகளுக்கு விற்பனை வரிச் சலுகையை நிறுத்துவதென்றும் முடிவு செய்தார்கள். அடுத்த மாநிலம் கொடுத்துவிடுமோ என்னும் அச்சம் அவர்களை விடவில்லை. சலுகை வேறு பெயர்களில் திரும்பி வந்தது. இரு வீட்டாரும் ஒரே மாப்பிள்ளைக்காகச் சீரை உயர்த்திக்கொண்டே போனால், இலாபம் மாப்பிள்ளைக்கு. கடன் இரு வீட்டிற்கும்.

முறையறியாது வரி கொள்ளும் அரசனை வயலிற் புகுந்த யானைக்கு ஒப்பிட்டார் புறநானூற்றுப் புலவர் பிசிராந்தையார். பலமனேர்ப் பக்கத்து உழவர்க்கு அவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. யானை மிதித்த வயலை அவர்கள் கண்ணாலேயே கண்டவர்கள். ஆனால் இக்காலத்தில் நாமே கரும்பைக் காட்டி யானையை அழைக்கின்றோம். அழைப்பதில் தவறில்லை. யானை மரம் இழுக்கும், பாரம் சுமக்கும். அங்குசம் யார் கையில் இருக்கின்றது என்பதே கேள்வி.

இதே பாலசமுத்திரம் என்னும் பெயருடைய மற்றோர் ஊர் ஸ்ரீ சத்யசாய் மாவட்டத்தில் உண்டு. சுங்கமும் மறைமுக வரியும் தண்டும் அதிகாரிகளைப் பயிற்றும் தேசியக் கழகத்தின் புதிய வளாகம் அங்கேதான் 2024 ஜனவரியில் திறக்கப்பெற்றது. அந்தப் பாலசமுத்திரத்தில் வரி வாங்கக் கற்பிக்கின்றார்கள். இந்தப் பாலசமுத்திரத்தில் நாம், விட்டுக்கொடுத்த வரிக்குக் கணக்குக் கேட்கக் கற்றுக்கொள்வோம்.

எனவே சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். நம் வாசகசாலையில் ஒரு தனிக் கட்டு வையுங்கள். இவ்விரு மாவட்டங்களில் எந்த ஆலைக்கு எந்த அரசாணையால் என்ன சலுகை தரப்பட்டது என்பதைத் தொகுத்து அதிற் சேருங்கள். ஒவ்வொன்றின் கீழும் மூன்று கேள்விகளை எழுதுங்கள். வாக்களித்த வேலைகள் எத்தனை, அவற்றுள் நிலையான வேலைகள் எத்தனை? ஆலை இடையில் வெளியேறினால் சலுகையைத் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனை உண்டா? வரி விலக்குப் போக மிஞ்சிய பணத்தில் நம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் குடிநீருக்கும் வந்தது எவ்வளவு? விடை தெரியாத இடத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் 10 ரூபாய்; கோடிகளின் கணக்கைக் கேட்க அஃது ஒன்றும் பெருந்தொகையன்று.

நாம் மொழியால் தமிழர். வாழ்வால் இம்மண்ணின் குடிகள். தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரும் நாமும் ஒரே கடையில் அரிசி வாங்கி ஒரே வரியைச் செலுத்துகின்றோம். ஆலை விட்டுச் செல்லும் சுமையையும் ஒன்றாகவே சுமப்போம். ஆதலால் கணக்கையும் ஒன்றாகவே கேட்போம். அடுத்த ஆண்டு விழாவில் அக்கட்டு இம்மேடையில் விரிக்கப்பட வேண்டும் என்பதே நம் ஆசை.