முற்றம் தெளித்தல்: மனவுறுதியும் விசுவாசமும்



தன் குறையை வெல்ல முயலும் மனிதன் எதைப் பற்றிக்கொள்ள வேண்டும்? தன் மனவுறுதியையா, தன்னினும் மேலான ஒருவரின் அருளையா? இக்கேள்விக்குக் கிறித்துவ சமயம் தந்துள்ள விடையையே இன்றைய உரைக்குப் பொருளாகக் கொண்டுள்ளோம். பேராக் மாநிலத் தோட்டப்புற வாழ்வு, தமிழ்க் காப்பியம் ஒன்று, நம் மொழியின் சில சொற்கள் ஆகிய மூன்றின் வழியே அதனை அணுகுவோம். இவ்வவையில் பல சமயத்தாரும் உள்ளீர்கள். எச்சமயமும் சாராதாரும் உள்ளீர்கள். எவரையும் எந்த நெறிக்கும் அழைப்பது நம் நோக்கமன்று. 'உனக்கு மனவுறுதி போதாது' என்று மாணவரிடம் எளிதாகச் சொல்லிவிடும் பழக்கம் ஆசிரியராகிய நம்மிடம் உண்டு. அச்சொல் கேட்பவர் உள்ளத்தில் என்ன செய்கிறது என்று ஆராய்ந்து பார்ப்பதே நோக்கம்.

சம்பள நாளின் சத்தியம்

இன்று ஈப்போவைச் சுற்றிலும் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் சூழ்ந்துள்ள நிலப்பரப்பில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. அவற்றுள் ஒன்றின் லயத்து வீட்டில்தான் நாம் வளர்ந்தோம். விடியுமுன் பெரட்டு, பின்னர் மரம் சீவுதல், மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து எடுத்துச் சென்று நிறுத்தல், மாலையில் கள்ளுக்கடை. இதுவே பலருடைய நாளின் ஒழுங்கு. அக்கடை தோட்டத்திற்குள் வெளியிலிருந்து புகுந்த தீமையன்று. பல தோட்டங்களில் அரசின் உரிமத்தோடு நிருவாகத்தின் மேற்பார்வையிலேயே அது நடந்தது. காலையில் கொடுத்த கூலியை மாலையில் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது என்று கூறினும் மிகையாகாது.

எங்கள் லயத்தில் மரம் சீவும் தொழிலாளர் ஒருவர் இருந்தார். கிறித்துவக் குடும்பத்தில் பிறந்தவர், நல்ல உழைப்பாளி. ஒவ்வொரு சம்பள நாளிலும், 'இனிமேல் தொடமாட்டேன்' என்று பிள்ளையின் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்வார். அச்சத்தியம் சில வேளை பத்து நாள் நிற்கும். சில வேளை அன்று மாலையே முறிந்துவிடும். முறிந்த மறுநாள் அவர் முகத்தைப் பார்க்க இயலாது. மனைவியின் கண்ணைத் தவிர்ப்பார், பிள்ளையைத் தூக்கமாட்டார். அந்த வெட்கத்தைத் தாங்கமாட்டாமல் மீண்டும் கடையை நோக்கி நடப்பார்.

அவரைக் குடிக்கத் தூண்டியது கள் மட்டுமன்று. முறிந்த சத்தியமும் அவரைக் குடிக்கத் தூண்டியது. ஒவ்வொரு முறை தோற்றபோதும், 'நான் ஆண்பிள்ளையே இல்லை' என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது. சத்தியங்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, அவர் தம்மீது கொண்டிருந்த நம்பிக்கை தேய்ந்துகொண்டே வந்தது.

மனத்திற்கு மனம் இடும் கட்டளை

இவருடைய துன்பம் பழைமையானது. திருவள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். குடித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருக்குள் மூழ்கியவனைத் தீவிளக்குக் கொண்டு தேடுவதைப் போன்றது என்பது அதில் வரும் ஒரு குறளின் கருத்து. அறிவுரை என்னும் விளக்கு எரியக் காற்று வேண்டும். மூழ்கியவன் இருக்கும் இடத்திலோ காற்றில்லை. ஆள்வினையின் பெருமையை அத்துணை உயர்வாகப் பாடிய அதே புலவர், அறிவுரை சென்று சேராத ஓர் ஆழம் உண்டு என்பதையும் அறிந்திருந்தார்.

திருத்தூதர் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் தம்மைப் பற்றியே இவ்வாறு முறையிடுகிறார்: நன்மையை விரும்புகிறேன், ஆயினும் அதனைச் செய்யும் ஆற்றல் என்னிடம் இல்லை. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அகஸ்டீன், தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்து எழுதிய நூலில், 386ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் தாம் பட்ட வேதனையை விவரிக்கிறார். மனம் கைக்கு ஆணையிட்டால் கை உடனே அசைகிறது. மனம் தனக்கே ஆணையிட்டால் மட்டும் ஏன் எதிர்ப்பு எழுகிறது என்று வியக்கிறார். அவர் கண்ட விடை எளியது. முழுமையாக விரும்பும் மனத்திற்குக் கட்டளை தேவையில்லை. கட்டளை தேவைப்படும் மனமோ ஏற்கெனவே இரண்டாகப் பிளந்துள்ளது. பிளந்த மனத்தின் ஒரு பாதியைக் கொண்டு மறுபாதியை அடக்க முனைவதைத்தான் நாம் மனவுறுதி என்கிறோம்.

தமிழாசிரியர் பாடிய பயணம்

இந்த உண்மையைத் தமிழ்ச் செய்யுள் மரபிற்குள் கொணர்ந்தவர் ஒரு தமிழாசிரியர். 1827ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, கம்பனில் ஊறியவர். கிறித்துவப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தவர். 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களைக் கொண்ட அக்காப்பியம், 'மோட்சப் பிரயாணம்' என்று தமிழில் அறியப்படும் ஜான் பனியனின் 1678ஆம் ஆண்டு ஆங்கில நூலைத் தழுவியது.

பனியனின் கதைத்தலைவன் முதுகில் பெருஞ்சுமையோடு புறப்படுகிறான். வழியில் உலகறிவு மிக்க ஒருவர் அவனைத் தடுத்து, அருகிலுள்ள ஊருக்குப் போ, அங்கே ஒழுக்க விதிகளைக் கற்பிப்பவர் உன் சுமையை இறக்கிவிடுவார் என்கிறார். அவனும் திரும்புகிறான். வழியிலோ செங்குத்தான மலையொன்று அவன் தலைமேல் விழுவதுபோல் கவிந்து நிற்கிறது. நெருங்க நெருங்கச் சுமையும் கனக்கிறது. அம்மலை கட்டளைகளின் மலை. பின்னர்ச் சிலுவையின் முன் வந்து நிற்கும்போது, அவன் அவிழ்க்காமலே அச்சுமை தானாகக் கழன்று உருண்டோடுகிறது.

அந்நூலில் வரும் இன்னொரு காட்சி தோட்டத்துப் பெண்கள் அனைவரும் அறிந்தது. ஒரு கூடம் முழுவதும் தூசி படிந்துள்ளது. ஒருவன் துடைப்பத்தால் பெருக்குகிறான். தூசி எழுந்து அனைவருக்கும் மூச்சு முட்டுகிறது. பின்னர் ஒரு பெண் நீர் கொணர்ந்து தெளிக்கிறாள். அதன்பின் பெருக்கியதும் கூடம் தூய்மையாகிறது. பெருக்குபவன் கட்டளை; நீர் தெளிப்பவள் அருள். எங்கள் லயத்துத் தாய்மார் நூல்களைக் கற்றவரல்லர். எனினும் அதிகாலையில் வாசல் தெளிக்காமல் துடைப்பத்தைத் தொட்டதில்லை. உலர்ந்த மண்ணை எவ்வளவு வேகமாகப் பெருக்குகிறோமோ அவ்வளவு புழுதி எழும் என்பதை அவர்கள் கைகள் அறிந்திருந்தன.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். நீர் தெளித்தபின்னும் பெருக்கும் வேலை எஞ்சியுள்ளது. சுமை கழன்றபின்னும் பயணியின் பாதை நீள்கிறது; அவன் மலையேறுகிறான், போரிடுகிறான், சிறைப்படுகிறான். அருள் முயற்சியை ஒழிப்பதில்லை. முயற்சி தன் பயனைத் தரும் நிலையை உண்டாக்குகிறது.

சொல் காட்டும் பொருள்

நம் மொழியும் இதற்குச் சான்றாக நிற்கிறது. சீர்திருத்தச் சபையாரின் விவிலியம் 'மனந்திரும்புதல்' என்கிறது. கத்தோலிக்கர் 'மனமாற்றம்' என்கின்றனர். திரும்புதல் தன்வினை, திருப்புதல் பிறவினை. மாறுதல் தன்வினை, மாற்றுதல் பிறவினை. 'மனத்தைத் திருப்புங்கள்' என்று ஆணையிடாமல் 'மனந்திரும்புங்கள்' என்றே மொழிபெயர்ப்பாளர் எழுதினர். ஒளியை நோக்கிச் செடி திரும்புவதற்கும், ஆணியை முறுக்கித் திருப்புவதற்கும் உள்ள வேறுபாடு இதில் அடங்கியுள்ளது. திரும்புவதற்குத் தனக்கு வெளியே ஒன்று வேண்டும்.

இக்கருத்து தமிழ் மண்ணுக்கு அயலானதும் அன்று. குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கு நெறியா, தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனை நெறியா என்று வைணவப் பெரியோர் சரணாகதியைக் குறித்து நெடுங்காலம் வாதிட்டுள்ளனர். கிருஷ்ணபிள்ளை வளர்ந்தது அம்மரபில்தான்.

இருவர் சந்தித்த ஊர்

எங்கள் லயத்துத் தொழிலாளரிடம் மீண்டும் வருவோம். ஈப்போவிலிருந்து போதகர் ஒருவர் மாதம் இருமுறை தோட்டத்திற்கு வந்து ஜெபக் கூட்டம் நடத்துவார். ஒரு நாள் இம்மனிதர் பலர் முன்னிலையில் எழுந்து, 'ஐயா, நான் எத்தனையோ சத்தியம் பண்ணிட்டேன். என்னால முடியல' என்றார். போதகர் புதிய சத்தியம் எதையும் கேட்கவில்லை. 'முடியாது என்பதை ஆண்டவரிடமும் சொல்லுங்கள்; அதுவே ஜெபம்' என்றார். அதன்பின் அவர், 'இனிமேல் குடிக்கமாட்டேன்' என்று சொல்வதை விட்டுவிட்டு, 'இன்றைக்கு என்னைத் தாங்கும்' என்று வேண்டத் தொடங்கினார். மாலையில் கடை திறக்கும் வேளையில் ஒருவர் அவரைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று தேநீர் கொடுப்பார். சில மாதங்களுக்குப் பின் அவர் ஒருமுறை வீழ்ந்தார். ஆனால் இம்முறை ஒளியவில்லை. மறுநாளே வந்து சொன்னார். முன்பு ஒவ்வொரு வீழ்ச்சியும் அவரை மனிதரிடமிருந்து பிரித்தது; இவ்வீழ்ச்சி பிரிக்கவில்லை. பிறகு அவர் குடித்து நாம் கண்டதில்லை.

இதே அனுபவம் உலகின் மறுகோடியில் ஓர் இயக்கமாக வளர்ந்தது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியினின்று அண்மையில் மீண்ட பில் வில்சன், தாம் மீண்டும் வீழ்ந்துவிடக் கூடும் என்றஞ்சிப் பேச்சுத் துணைக்கு இன்னொரு குடிநோயரைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். சந்திப்பிற்குப் பின்னும் மருத்துவர் ஒருமுறை வீழ்ந்தார்; பிறகு எழுந்தார். இருவரும் ஆக்ஸ்போர்டு குழு என்னும் கிறித்துவ இயக்கத்தோடு தொடர்புடையவர்கள். அவர்கள் தோற்றுவித்த குடிநோயர் கூட்டமைப்பின் பன்னிரு படிகள் 1939இல் நூலாயின. முதற்படி, மதுவின் முன் நாம் வலுவிழந்தோம் என்று ஒப்புக்கொள்வது. ஐந்தாம் படி, தம் தவறுகளைக் கடவுளிடமும் தம்மிடமும் மற்றொரு மனிதரிடமும் அறிக்கையிடுவது. கடவுளை அவரவர் உணர்ந்தவாறு கொள்ளலாம் என்று அப்படிகள் இடமளித்ததால், பிற சமயத்தாரும் அவ்வழியை ஏற்க முடிந்தது.

இரண்டு மறுப்புகள்

இங்கு இரு மறுப்புகள் எழும், இரண்டும் மதிக்கத்தக்கவை. 1929 டிசம்பரில் ஈப்போவில் கூடிய தமிழர் சீர்திருத்த மாநாட்டில் பெரியார் பங்கேற்றார். மனிதன் தன் அறிவையும் தன்மானத்தையும் நம்பி எழ வேண்டும் என்ற குரல் அன்று இம்மண்ணில் ஒலித்தது. பணிந்தே பழகிய தோட்டத் தொழிலாளிக்கு 'நீ வலுவற்றவன்' என்று சமயமும் சொல்லலாமா என்று அம்மரபினர் கேட்பர். நியாயமான கேள்வி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. அது ஜெபத்தால் மட்டும் ஆகும் காரியமன்று. கடையைத் திறந்து வைத்துவிட்டு, தொழிலாளிக்கு மனவுறுதி இல்லை என்று பழித்தது அநீதி; கடையைக் குறித்து வாய் திறவாமல், தொழிலாளிக்கு விசுவாசம் இல்லை என்று பழிப்பதும் அதே அநீதிதான். இறைவன் முன் வலுவின்மையை ஒப்புக்கொள்வது வேறு. துரையின் முன் குனிவது வேறு. எங்கள் லயத்து மனிதர் முன்னதைக் கற்றபின்தான் நிமிர்ந்து நடந்தார்.

இரண்டாவது, விசுவாசம் மருந்துக்கு மாற்றாகுமா என்பது. ஆகாது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உயிராபத்தும் நேரக்கூடும். அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது விசுவாசக் குறைவன்று. தேநீரோடு காத்திருந்த அண்டை வீட்டார் எப்படி அருளின் கருவியோ, அப்படியே மருத்துவரும்.

நிறைவாக

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போயின. அங்கு வாழ்ந்தோரின் பிள்ளைகள் புந்தோங்கிலும் சிலிபினிலும் பிற நகர்ப்புறங்களிலும் வாழ்கின்றனர். கள்ளுக்கடை மறைந்தாலும் குறைகள் உருமாறி வந்துள்ளன. கைப்பேசியை விட முடியாத மாணவர் இருக்கிறார். சினத்தை அடக்க இயலாத ஆசிரியரும் இருக்கிறார். ஆசிரியப் பெருமக்களே, 'இனிமேல் செய்யமாட்டேன்' என்று நூறு முறை எழுதச் சொல்வதற்கு முன், 'என்னால் முடியவில்லை' என்று அம்மாணவர் அச்சமின்றிச் சொல்லத்தக்க ஓரிடம் நம் பள்ளியில் உண்டா என்று கேட்போம். மாணவச் செல்வங்களே, அவ்வாறு சொல்வது தோல்வியன்று. யாரிடம் சொல்வது என்பதை உங்கள் நெறி உங்களுக்குக் காட்டும். துடைப்பம் எங்கும் போய்விடாது. முதலில் முற்றத்தைத் தெளிப்போம்.