பண்டாரவளைக் கிணறும் விஞ்ஞானக் கதையும்



இன்று விஞ்ஞானக் கதைச் சஞ்சிகைகளைப் பற்றிப் பேசப்போகிறேன். பதுளையில் உட்கார்ந்துகொண்டு வானொலியில் இதையா பேசுவது என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சஞ்சிகைகளைத் தொடக்கிவைத்ததே ஒரு வானொலிக்காரர்தான், அந்த உரிமையில் பேசுகிறேன். லக்சம்பேர்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஹியூகோ கேர்ன்ஸ்பெக், நியூயோர்க்கில் றேடியோ உதிரிப்பாகம் விற்றவர். 'றேடியோ நியூஸ்' என்றொரு சஞ்சிகை நடத்தினார். 1925இல் சொந்தமாக ஒரு வானொலி நிலையமும் தொடங்கினார். மறுவருடம் ஏப்ரலில் அவர் வெளியிட்ட 'அமேசிங் ஸ்டோரீஸ்'தான், விஞ்ஞானக் கதைக்கென்றே ஆங்கிலத்தில் வந்த முதல் சஞ்சிகை.

எழுதியவர்களுக்குக் காசு கொடுப்பதில் மனிதர் படு கருமி. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார். வாசகர் கடிதங்களை, எழுதியவரின் முழு முகவரியோடு அச்சிட்டார். ஒரே நகரத்தில் இருந்த வாசகர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒருவரையொருவர் தேடிப்போனார்கள். சங்கங்கள் முளைத்தன. அங்கே கூடிய பள்ளிக்கூடப் பையன்களில் சிலர் பிறகு பேர்போன எழுத்தாளர்கள் ஆனார்கள்.

அந்தச் சஞ்சிகைகள் கடல் தாண்டியும் போயின. இங்கிலாந்தின் சமர்செட் பகுதியில், தகப்பனை இழந்து தாயின் பண்ணையில் வளர்ந்த ஒரு பையனுக்கு அவை கிடைத்தன. விற்காமல் மிஞ்சிய அமெரிக்கச் சஞ்சிகைகளைக் கப்பலில் பாரத்துக்காக ஏற்றிவந்து அங்கே மலிவு விலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று சொல்வதுண்டு. அவற்றைப் பொறுக்கி வாசித்து, 1946இல் 'அஸ்டவுண்டிங்' சஞ்சிகையில் தன் கதைகளை அச்சில் பார்த்தவர்தான் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்தவர், 2008இல் கொழும்பில் கண்மூடும்வரை இதுதான் என் ஊர் என்று இருந்துவிட்டார். 1979இல் வந்த 'தி ஃபவுன்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்' நாவலில் சிவனொளிபாத மலையை மாதிரியாக வைத்து ஒரு மலையைப் படைத்தார். அதன் உச்சியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுவதுதான் கதை. பூமத்திய ரேகை வேண்டும் என்பதற்காக இலங்கைத் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவைத்தார். துணிச்சல்காரர்! ஆனால் அந்தக் கதை பொறியியலாளருக்கும் பழைய அரசனுக்கும் பிக்குகளுக்கும் உரியது. நிஜமான மலையின் அடிவாரத்தில் தேயிலை பறிக்கிறவர்களுக்கு அதில் வேலை இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. அது நாம் எழுதவேண்டிய கதை.

யார் கதைக்குள் வரலாம் என்பதைப் பல தடவை தீர்மானித்தது எழுத்தாளர் அல்ல, சஞ்சிகை ஆசிரியர்தான். 'அஸ்டவுண்டிங்' ஆசிரியர் ஜோன் டபிள்யூ. கேம்பல், எழுத்தாளர் அசிமோவையே உருவாக்கியவர் என்று சொல்லத்தக்கவர். மேசைக்கு முன்னால் இளைஞனை உட்காரவைத்து, இந்தக் கருவை எழுது என்று சொல்லி அனுப்புவார். அதே கேம்பல், சாமுவேல் டிலேனியின் நாவல் ஒன்றைக் கதாநாயகன் கறுப்பர் என்பதற்காக வேண்டாம் என்றார். கேம்பல் பெயரில் இருந்த விருதின் பெயரை 2019இல் மாற்றிவிட்டார்கள். நல்ல ஆசிரியரின் கண்ணிலும் ஒரு மூலை இருட்டாக இருக்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். மலையகச் சிறுகதையும் பத்திரிகைப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைதான். வீரகேசரி, 'தோட்ட மஞ்சரி' என்று நம் மக்களுக்கென ஒரு பகுதி ஒதுக்கியது. எஸ்.எம். கார்மேகம் போன்ற பத்திரிகையாளர்கள் தோட்டத்துப் பிள்ளைகளை எழுது, எழுது என்று நச்சரித்தார்கள். 1960களில் மலையக எழுத்தாளர்களுக்கென்றே சிறுகதைப் போட்டிகள் நடந்தன. பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' என்று நூலாக வந்தன. அந்தக் காலத்து எழுத்தாளர் வரிசையில் நம் பதுளைக்காரர் ஒருவரும் நிற்கிறார். ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப். லயத்துக் காம்பராவில் ஒரு குடும்பம் எப்படி ஒண்டிக்கிடக்கிறது என்பதை அவரைப்போல எழுதியவர்கள் குறைவு. 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. அந்த விருதின் பின்னால் இருக்கும் ஜெயமோகன், 'விசும்பு' என்ற விஞ்ஞானக் கதைத் தொகுதியை எழுதியவர். சித்த மருத்துவத்தையும் இரசவாதத்தையும் வைத்து விஞ்ஞானக் கதை பின்னலாம் என்று அதில் காட்டினார். யதார்த்தக் கதைக்கும் விஞ்ஞானக் கதைக்கும் ஜென்மப் பகை எதுவும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஏனென்றால் நம்மிடையே ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. தோட்டத்து எழுத்தாளன் என்றால் அட்டைக்கடி, கங்காணி, பசி, இதைத்தான் எழுதவேண்டும். ரோபோவும் ராக்கெட்டும் கொழும்புப் பிள்ளைகளுக்கு. எனக்கு இது சுத்தமாகப் பிடிபடவில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது எத்தனையோ வீடுகளில் ஜீனோ என்ற நாய்க்குட்டி இயந்திரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தார்கள். அதில் வரும் எதிர்கால நாட்டில் ஆட்களுக்கு இரண்டெழுத்துப் பெயர், ஒரு எண், பிள்ளை பெறுவதற்கு அனுமதி. சென்னை வாசகருக்கு அது திகிலாக இருந்திருக்கும். தோட்டத்துச் சம்பளப் பதிவில் செக்ரோல் நம்பரோடு வாழ்ந்தவர்களுக்கு அதில் என்ன புதுமை? விடியும் முன்னே பிரட்டுக்களத்தில் வரிசை. சொன்ன இறாத்தல் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகத் துரை கொடுக்கும் துண்டு வேண்டியிருந்தது. தனக்கென்று தனிச் சட்டம் வைத்திருக்கும் கம்பெனிக் கிரகங்களை அமெரிக்க எழுத்தாளர்கள் மூளையைக் கசக்கிக் கற்பனை செய்தார்கள். நம் பாட்டன்மார் அதில் குடியிருந்தார்கள்.

இன்னும் சொல்கிறேன். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் தோட்டத்து மக்களைப் பங்கிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பதுளையில் கோச்சி ஏறியவர்கள் தலைமன்னார் போய்க் கப்பலேறி, பார்த்தேயிராத ஒரு ஊருக்குத் 'திரும்பி'ப் போனார்கள். அந்தக் கோச்சிக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. இதை ஒரு விஞ்ஞானக் கதையில் எழுதி அனுப்பினால், ஆசிரியர் நம்பும்படியாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

சின்ன ஊரிலிருந்து இதெல்லாம் எழுத முடியுமா என்றால், சீனாவின் லியூ சிசின் ஷான்சி மாகாணத்தில் ஒரு மின்நிலையத்தில் பொறியியலாளராக வேலை பார்த்தபடியே எழுதினார். செங்டு நகரத்திலிருந்து வரும் விஞ்ஞானக் கதைச் சஞ்சிகை ஒன்று அவரை வளர்த்தது. அவருடைய 'மூன்று உடல்' நாவல் 2006இல் அதில்தான் தொடராக வந்தது. 2015இல் அதற்கு ஹியூகோ விருது கிடைத்தது. ஆம், அந்த றேடியோக் கடைக்காரரின் பெயரில் உள்ள விருதுதான்.

நமக்கு இன்னும் கிட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது. மேரி ஆன் மோகன்ராஜ். கொழும்பில் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்கா போன தமிழ்ப் பெண். 2000ஆம் ஆண்டில் 'ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்' என்ற இணையச் சஞ்சிகையைத் தொடங்கியவர் அவர். தொண்டர்கள் நடத்துகிறார்கள், வாசகர் நன்கொடையில் ஓடுகிறது, ஆனாலும் எழுதியவருக்குக் காசு கொடுத்துவிடுகிறது. உலகத்தில் மதிக்கப்படும் விஞ்ஞானக் கதைச் சஞ்சிகைகளில் ஒன்று இது. அதன் கதைப்பகுதி ஆசிரியர்களில் ஒருவராகப் பிறகு இருந்தவர் கொழும்புக்காரரான வஜ்ர சந்திரசேகர. சஞ்சிகைகளில் சிறுகதை எழுதி வந்தவர், 'தி செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' என்ற முதல் நாவலுக்கு 2024இல் நெபியூலா விருது வாங்கினார்.

காசு என்றதும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் கைக்காசு தருவதைப்போல, இந்தச் சஞ்சிகைகள் சொல்லுக்கு இவ்வளவு என்று தருகின்றன. தொழில்முறை விலை என்று அமெரிக்க விஞ்ஞானக் கதை எழுத்தாளர் சங்கம் ஏற்றுக்கொண்டது ஒரு சொல்லுக்கு எட்டு சதம். 4,000 சொல் கதைக்கு 320 டொலர். நம் ரூபாயில் ஒரு இலட்சத்துக்குக் கிட்ட. 2024இல் நிர்ணயித்த ஒரு நாள் அடிப்படைச் சம்பளமான 1,350 ரூபாயோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பதை உங்களிடமே விடுகிறேன். காசு வருகிற இடத்துக்குக் கள்ளமும் வரும். 2023 பெப்ரவரியில் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' சஞ்சிகைக்கு, கணினியை எழுதவைத்து அனுப்பிய கதைகள் ஒரே மாதத்தில் 500க்கு மேல் வந்து குவிந்தன. ஆசிரியர் நீல் கிளார்க் கொஞ்சக் காலம் கதவையே சாத்திவிட்டார். இயந்திரம் கதை எழுதும் என்று எழுதிய சஞ்சிகைகளுக்கே இந்தக் கதி!

ஆங்கிலம் வேண்டுமே என்று யோசிப்பீர்கள். 'ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்' 2017இல் 'சமோவார்' என்றொரு துணைச் சஞ்சிகை தொடங்கியது. மொழிபெயர்ப்புக் கதையையும் அதன் மூலமொழி வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறார்கள். தமிழிலேயே வேண்டுமென்றால், சிங்கப்பூர்த் தமிழ் நண்பர்கள் 2018இல் தொடங்கிய 'அரூ' இதழ் விஞ்ஞானச் சிறுகதைப் போட்டியே நடத்தியிருக்கிறது. நம் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளில் விஞ்ஞானக் கதைக்கென்று வாரம் ஒரு பக்கம் ஒதுக்க எத்தனை ஆயிரம் செலவாகும்? தோட்ட மஞ்சரி செய்ததை இன்னொரு தடவை செய்தால் போதும்.

கரு இல்லை என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்து என்று பல வருடம் முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை எந்த மேசையில், எந்த மொழியில், யாருக்காகக் காத்துக்கிடந்தது? அதுவே ஒரு கதை. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கொழுந்தின் நிறையைச் சுற்றியே நகர்வது. இன்று டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. தராசு பொய் சொன்னால் சண்டை பிடிக்கக் கணக்கப்பிள்ளைகூட இல்லை. அது இன்னொன்று.

மூன்றாவதை நானே எழுத நினைத்தேன், போகட்டும், உங்களுக்குத் தருகிறேன். உமா ஓயாத் தண்ணீரைத் தெற்கே கொண்டுபோகப் பண்டாரவளைப் பக்கத்து மலைகளுக்கு அடியில் ஒரு பெரிய இயந்திரம் சுரங்கம் குடைந்தது. 2014 முடிவில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. மேலே ஊரில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 120 மெகாவாட் மின்நிலையம் பூமிக்கடியில் எழும்பியது. 2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஈரான் ஜனாதிபதி ரைசி நேரில் வந்து திறந்துவைத்தார். இதுவரை சொன்னது செய்தி. கதை இனித்தான். வற்றிய கிணற்றுக்குள் ஒரு பாட்டி வாளியை இறக்குகிறாள். வாளி கனக்கிறது. தண்ணீர் இல்லை. என்ன வருகிறது என்று நீங்கள் எழுதுங்கள். 4,000 சொல்லுக்குள் முடியுங்கள். ராக்கெட் வேண்டாம். பாட்டியைத் தயவுசெய்து முதல் பக்கத்திலேயே சாகடித்துவிடாதீர்கள். நம் கதைகளில் அவள் ஏற்கெனவே நிறையச் செத்துவிட்டாள்.