துணிக்கு ஒரு தோல் மெருகு

டெனிம் என்னும் முரட்டுத் துணியை நீங்கள் அறிவீர்கள். அவுரி நீலம் ஏறிய பாவும் வெள்ளை ஊடையும் சாய்வரியாகப் பின்னிய துணி அது. அதற்குத் தோலைப் போன்ற பளபளப்பை வீட்டிலேயே ஊட்டும் முறையை இன்று கூற விழைகிறேன்.

துணி மங்கித் தோன்றுவது ஏன்? இழைகளின் மேடுபள்ளங்கள் ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிக்கின்றன. பள்ளங்களை மெழுகால் நிரப்பினால் பரப்பு வழவழப்பாகும். ஒளி சிதறாது திரும்பும். நீரும் எளிதில் புகாது.

தேன்மெழுகுக் கட்டியைத் துணியின்மேல் அழுந்தத் தேய்த்து, கூந்தல் உலர்த்தும் கருவியின் வெப்பக் காற்றைக் காட்டுங்கள். ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் மெழுகு உருகி இழைகளுக்குள் இறங்கும். ஆறியபின் பருத்தித் துணியால் தேய்க்கத் தேய்க்க மெருகு ஏறும்.

உருக்கிப் பூச விரும்புவோர் மெழுகை நேரே அடுப்பில் ஏற்றலாகாது. மிகுந்து சூடேறினால் அதன் ஆவி தீப்பற்றும். மெழுகுக் கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்குங்கள்; திறந்த பாத்திரத்து நீரின் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. எரியும் மெழுகில் நீர் ஊற்றினால் தீ சீறிப் பரவும். மூடியிட்டே அணைக்க வேண்டும். மெழுகூட்டிய ஆடையுடன் நெருப்பருகே செல்வதும் தகாது.

வெந்நீரும் சோப்பும் மெருகை நீக்கிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். தோலின் தோற்றம் வாய்த்தாலும் துணி துணியே. அதன் இயல்பறிந்து ஆள்பவருக்கே அது நெடுநாள் உழைக்கும்.