நடையும் ஊராட்சியின் கடமையும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



குடிநீர், தெருவிளக்கு, சாலை ஆகியவற்றைப் பற்றியே நாம் இத்தகைய கூட்டங்களில் பேசுவது வழக்கம். இன்று நடையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். நடைக்கும் ஊராட்சிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவக்கூடும். தொடர்பு உண்டு, அதனை இறுதியில் கூறுவேன்.

நம் முன்னோர் உடல் நலம் கருதி நடந்தாரல்லர். சந்தைக்கும் கழனிக்கும் உறவினர் இல்லத்திற்கும் செல்ல வேறு வழியின்மையால் நடந்தனர். இன்று வயல் வரப்பு வரை இருசக்கர வண்டி செல்கின்றது. ஏற்றம் இறைத்த கிணற்றில் மின்சாரப் பம்பு இறைக்கின்றது. ஏர் உழுத நிலத்தை டிராக்டர் உழுகின்றது. உழைப்பின் கடுமை குறைந்தது நன்மையே. ஆயினும் அதனோடு நடையும் நம்மை விட்டு நீங்கிற்று. நகரத்தாரின் நோய் எனப்பட்ட நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இன்று சிற்றூர்களிலும் பரவியுள்ளன. நம் நாட்டில் நீரிழிவு உற்றோர் ஏறத்தாழ 10 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ஆம் ஆண்டில் தெரிவித்தது.

உடல் அசைவின் பயனை ஆராய்ந்தோர் பலர். இலண்டன் மாநகரப் பேருந்து ஊழியரைப் பற்றி மருத்துவர் மாரிஸ் என்பாரும் அவர் குழுவினரும் 1953இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். நாள் முழுதும் அமர்ந்து வண்டி ஓட்டியவரைக் காட்டிலும், இரண்டடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. நம் சென்னையிலிருந்து 2006இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. நீரிழிவு வரும் நிலையில் இருந்தோரை மூன்றாண்டுகள் கண்காணித்தனர். வழக்கம்போல் வாழ்ந்தோரில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவைச் சீர்செய்து, நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடக்குமாறு அறிவுறுத்தப்பட்டோரில் 39 பேருக்கே வந்தது.

இதன் காரணம் எளிது. நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவிடுகின்றன. கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை இதயம் நோக்கி மேலே தள்ளுகின்றன. உடலின் பாரத்தைத் தாங்குவதால் எலும்பு உறுதி பெறுகின்றது. திறந்த வெளியில் வெயில் படுவதால், எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி தோலில் உண்டாகின்றது.

"வயலில் உழைக்கும் எனக்கு நடை எதற்கு?" என்று உழவர் கேட்கலாம். நடவும் அறுப்பும் நடைபெறும் நாட்களில் அவருக்குத் தனி நடை வேண்டுவதில்லை; ஓய்வே வேண்டும். ஆனால் வேலையற்ற மாதங்களை எண்ணிப் பாருங்கள். கடையில் அமர்ந்திருப்போரையும், வண்டி ஓட்டுவோரையும், வீட்டோடு இருக்கும் முதியோரையும் எண்ணிப் பாருங்கள்.

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. வாரம் ஐந்து நாட்கள் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் போதும். அதனைப் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்தும் நடக்கலாம். நடக்கையில் பேச இயல வேண்டும். பாட இயலாத அளவு விரைவு இருத்தல் நன்று. நீரிழிவு உடையோர் வெறுங்காலுடன் நடத்தல் கூடாது. நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நின்று, மருத்துவரை அணுக வேண்டும்.

இனி ஊராட்சிக்கு வருவோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கும் தாயிடம், "நாள்தோறும் நடங்கள், அம்மா" என்று மருத்துவர் கூறுகின்றார். எங்கே நடப்பது? நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் உரசிச் செல்கின்றன. ஏரிக்கரையைச் சீமைக் கருவேல் மூடியுள்ளது. விடியற்காலையில் தெருக்கோடியில் விளக்கு இல்லை. பாம்பு பற்றிய அச்சம், நாய் பற்றிய அச்சம். ஆண்கள் எப்படியேனும் நடந்துவிடுவர். பெண்களும் முதியோரும் வீடு திரும்பி விடுகின்றனர். மருத்துவர் எழுதிய மருந்தில் பாதி அவர்களுக்குக் கிடைக்காமற் போகின்றது.

ஊராட்சிச் சாலைகளைப் பேணுதலையும் அவற்றிற்கு விளக்கிடுதலையும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சியின் கடமைகளாகவே வகுத்துள்ளது. ஆதலின் புதுத் திட்டம் ஒன்றும் வேண்டுவதில்லை. ஊரை ஒட்டி ஒரு கிலோமீட்டர் பாதையைத் தேர்ந்தெடுங்கள். முட்புதரை அகற்றி, மேடுபள்ளத்தை நிரவி, விளக்குகளைச் சீர்செய்யுங்கள். ஓரங்களில் புங்கும் வேம்பும் நடுங்கள். முதியோர் இளைப்பாற இடையிடையே கல் இருக்கை இடுங்கள். ஏரிக்கரையாயின், கரை பலவீனமடையாதிருக்கப் பொறியாளரைக் கலந்து செய்யுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஒன்றுகூடி நடக்கத் தொடங்கினால், மற்றவர் தாமே சேர்வர்.

அடுத்த கிராம சபையில் இப்பாதையை ஒரு பொருளாக வைத்துத் தீர்மானம் நிறைவேற்றுமாறு வேண்டுகிறேன். பாதையைத் தேர்வதற்கு முன் பெண்களைக் கேளுங்கள். எவ்விடத்தில் அச்சம் உண்டு என்பதை அவர்களே அறிவர்.