தந்திக்கு உறை வேண்டுமா?

சீவக சிந்தாமணியிலே ஓர் இசைப் போட்டி வருகிறது. காந்தருவதத்தையை இசையில் வெல்பவனே அவளை மணத்தற்கு உரியவன் என்பது நிபந்தனை. போட்டிக்கு வந்த சீவகன், கையிற் கொடுக்கப்பட்ட கருவியை உடனே வாசிக்கத் தொடங்கவில்லை, முதலில் ஆராய்கிறான். இது மரத்தின் குற்றம், இது நரம்பின் குற்றம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி ஒதுக்குகிறான். நரம்பின் புரியை நெகிழ்த்து, அதனுள்ளே கிடந்த மயிரையும் வெளிப்படுத்துகிறான். நரம்பிலே அயற்பொருள் சேர்ந்திருத்தல் ஆகாது என்பது அக்கால இசைவாணர் கண்ட முடிபு.

இன்றைய கிற்றார்க் கலைஞர் முன்னே இதற்கு நேர்மாறான ஒரு வினா நிற்கின்றது. தந்தியின் மேல் வேண்டுமென்றே ஓர் அயற்பொருளைப் பூசி விற்கிறார்கள். அது குற்றமன்று, காப்பு என்கிறார்கள். கடையிலே உறையிட்ட தந்தி, உறையில்லாத் தந்தி என இருவகையும் அருகருகே தொங்குகின்றன. முன்னதன் விலை பின்னதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. எதனை வாங்குவது? சிறிய வினாவாகத் தோன்றினும், இதற்குள்ளே ஒலியியலும் உலோகவியலும் வீட்டுப் பொருளாதாரமும் கல்வியும் அடங்கியிருக்கின்றன.

முதற்கண் தந்தி என்பது யாதென அறிதல் வேண்டும். மின்னுதவியின்றித் தன் மரப்பெட்டியால் ஒலிக்கும் உருக்குத் தந்திக் கிற்றாரையே இங்கு கருத்திற் கொள்க. அதில் ஆறு தந்திகள் உள. மேற்சுரத்துக்குரிய இரண்டும் வெறும் உருக்குக் கம்பிகள். ஏனைய நான்கும் பெரும்பாலும் உருக்குக் கம்பியின் மேல் செப்புக் கலப்பு உலோகக் கம்பியை நெருங்கச் சுற்றிச் செய்யப்பட்டவை. சுற்றுக்கம்பி இருவகைப்படும். செப்பு 80 பங்கும் நாகம் 20 பங்கும் கலந்தது ஒன்று. வணிகத்தில் அதனை வெண்கலம் என்பர், உண்மையில் அது பித்தளையே. செப்புடன் வெள்ளீயமும் சிறிதளவு பொசுபரசும் கலந்தது மற்றையது. இந்தப் பொசுபரசு வெண்கலத்தை 1974ஆம் ஆண்டிலே டடாரியோ என்னும் அமெரிக்க நிறுவனம் கிற்றார்த் தந்திக்கு அறிமுகஞ் செய்தது. முன்னதன் ஒலி மிக ஒளிர்வுடையது. பின்னதன் ஒலி சற்றே கனிவுடையது. அதன் பொலிவும் நீடித்து நிற்கும்.

தந்தியைக் கனப்படுத்தற்கே இவ்வாறு சுற்றுகின்றனர். தந்தியின் சுரத்தை நிருணயிப்பன மூன்று: அதன் நீளம், அதன் இழுவிசை, அதன் திணிவு. ஆறு தந்திகளும் ஏறத்தாழ ஒரே நீளமுடையன. இழுவிசையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே திணிவை வேறுபடுத்தியே சுரத்தை வேறுபடுத்துகின்றனர். மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 82 தடவையும், மிக உயர்ந்தது ஏறத்தாழ 330 தடவையும் அதிர்கின்றன. ஒரு தந்தி அதிரும்போது அடிப்படைச் சுரம் மட்டும் எழுவதில்லை. அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கான மேற்சுரங்களும் உடன் எழுகின்றன. புதுத் தந்தியின் கணீரென்ற நாதம் இந்த மேற்சுரங்களின் கொடையே.

இனி, தந்தி எவ்வாறு கெடுகிறது என்பதைப் பார்க்கலாம். விரல்களின் வியர்வையில் உப்பு உண்டு. தோலில் எண்ணெய்ப் பசை உண்டு. உதிரும் தோற்றுகள்களும் உண்டு. வாசிக்குந்தோறும் இவையெல்லாம் சுற்றுக்கம்பியின் இடுக்குகளிற் சென்று தங்குகின்றன. உப்பும் ஈரமும் ஒட்சிசனும் சேர்ந்து செப்புக் கலவையை அரிக்கின்றன. வெறும் உருக்குத் தந்தியோ துருப்பிடிக்கிறது. அழுக்கு நிறைந்த இடுக்கு அதிர்வைத் தணிக்கும். முதலில் மடிவன உயர்ந்த மேற்சுரங்களே. நாதம் மங்கித் தகரத்தைத் தட்டியதுபோல் ஆகிறது. அழுக்கும் தேய்வும் தந்தி முழுவதிலும் ஒரே சீராக அமைவதில்லை. விரல் மிகுதியாகப் படும் இடத்தில் மிகுதி. படாத இடத்திற் குறைவு. திணிவு இவ்வாறு இடத்துக்கிடம் மாறுபடவே, திறந்த தந்தியைச் சரியாகச் சுருதி கூட்டினாலும், மெட்டுகளில் அழுத்தும்போது எழும் சுரங்கள் பிழைபடுகின்றன.

இலங்கையிலே இக்கேடு விரைந்து நேர்கிறது. ஈரப்பதன் மிகுந்த தீவு இது. நீர்கொழும்பு, மன்னார், மட்டக்களப்பு போன்ற கரையோர ஊர்களிலே கடற்காற்றின் உப்பும் சேருகின்றது. பைலாப் பாடல்களும் தேவாலயப் பாடற்குழுக்களும் கிற்றாரை நன்கு வளர்த்த ஊர்கள் பலவும் கரையோரத்திலேயே உள்ளன. குளிர்ந்த, உலர்ந்த நாட்டிலே பல வாரம் உழைக்கும் தந்தி, இங்கு வியர்வை மிகுந்த ஒரு கையில் சில நாட்களிலேயே கறுத்துவிடுதல் உண்டு.

இதற்கு மாற்றுத் தேடியோர் இசைத்துறைக்கு வெளியேயிருந்து வந்தனர் என்பது சுவையான செய்தி. 1938ஆம் ஆண்டிலே டியூபொன்ட் நிறுவனத்தின் இரசாயன அறிஞர் ரோய் பிளங்கற், பிற்காலத்தில் டெஃப்லோன் எனப் பெயர் பெற்ற வழுவழுப்பான பொருளைத் தற்செயலாகக் கண்டார். 1958ஆம் ஆண்டில் டெலவெயர் மாநிலத்திலே கோர் தம்பதியர் அப்பொருளைக் கொண்டு மின்கம்பிகளுக்கு உறையிடும் தொழிலைத் தொடங்கினர். 1969ஆம் ஆண்டில் அவர்களின் மகன் ரொபேர்ட் கோர் அதனைச் சூடாக்கிச் சட்டென இழுத்தார். நுண்துளைகள் நிறைந்த மெல்லிய சவ்வு ஒன்று கிடைத்தது. மழை நனைக்காத மேலாடையும், அறுவைச் சிகிச்சையில் நோயாளிக்குப் பொருத்தும் செயற்கை இரத்தக்குழாயும் அச்சவ்விலிருந்தே பிறந்தன. அரிசோனா மாநிலத்துப் பிளாக்ஸ்டாஃப் நகரில் அந்நிறுவனத்தில் பணிசெய்த பொறியியலாளர் டேவ் மையர்ஸ், துவிச்சக்கரவண்டியின் கம்பிகளுக்கு அழுக்கேறாவண்ணம் அப்பொருளைப் பூசிப் பார்த்தார். அதே முறையைக் கிற்றார்த் தந்திக்கும் கையாளலாமே என்ற எண்ணம் அங்கிருந்து எழுந்தது. 1990களின் பிற்பகுதியிலே எலிக்சர் என்னும் பெயருடன் அத்தந்திகள் சந்தைக்கு வந்தன. பின்னர் ஏனைய நிறுவனங்களும் தத்தம் முறையில் உறையிடலாயின.

உறையிடும் முறை இருவகைப்படும். சுற்றி முடித்த தந்தி முழுவதையும் மூடுவது ஒன்று. இம்முறையிலே இடுக்குகளின் வாயே அடைபடுகிறது. அழுக்கு உட்புக வழியில்லை. சுற்றுக்கம்பிக்கு முன்னரே பூசிவிட்டுப் பின்னர் உருக்கின்மேற் சுற்றுவது மற்றையது. இம்முறையில் அழுக்கு இடுக்குக்குட் செல்லலாம். ஆயினும் உலோகத்தை எளிதில் அரிக்கமாட்டாது. தொடுவுணர்ச்சியும் உறையில்லாத் தந்தியை ஒத்திருக்கும். ஒரே பெயருடன் விற்கப்படினும் இவ்விரண்டும் வேறுவேறு பொருள்கள் என்பதை வாங்குவோர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

உறையினால் இழப்பு உண்டா? உண்டு. அயற்பொருள் எவ்வளவு மெல்லியதாயினும் அதிர்வைச் சிறிதளவு தணிக்கவே செய்யும். முதல்நாளிலே உறையில்லாத் தந்தியின் ஒளிர்வு உறையிட்ட தந்திக்குப் பெரும்பாலும் இராது. ஆயினும், உறை மிக மெல்லியதாகச் செய்யப்பட்டபின் இவ்வேறுபாடு பெரிதுங் குறைந்துவிட்டது. இன்னுமோர் குறை தொடுவுணர்ச்சி பற்றியது. உறை வழுவழுப்பானது, அதனைச் சிலர் விரும்புவர், சிலர் வெறுப்பர். அவ்வழுவழுப்பால் விரல் நகரும்போது எழும் கீச்சொலி குறைகிறது. ஒலிப்பதிவு செய்வோருக்கு அது நன்மை. மீட்டுத்தகட்டினால் வன்மையாக மீட்டுவோர் கையிலே தடித்த உறை காலப்போக்கில் நைந்து, வெண்ணிற நாராகத் தொங்குதலும் உண்டு. மேலும், டெஃப்லோன் இனப் பொருள்கள் மண்ணில் எளிதில் மக்கிப்போவன அல்ல. வெறும் உலோகத் தந்தியை உருக்கி மீளப் பயன்படுத்தலாம். உறையிட்டதில் அது கடினம். ஆயினும், நெடுநாள் உழைக்கும் பொருளைக் குறைந்த தொகையிலேயே கழித்தெறிய நேரும் என்பதையும் மறுபக்கத்தில் வைத்து எண்ணுதல் நேர்மையாகும்.

ஒப்பீடு செய்யும்போது பலரும் இழைக்கும் தவறு ஒன்றுண்டு. புதிய தந்தியோடு புதிய தந்தியை ஒப்பிட்டு முடிவு கூறுகின்றனர். முதல்நாட் போட்டியில் உறையில்லாததே பெரும்பாலும் வெல்லும். ஆனால் தந்தி வாழ்வது ஒருநாளன்று. இருபதாம் நாளிலே இரண்டையும் கேட்டால் தீர்ப்பு மாறக்கூடும். முதல்நாட் பொலிவை விரும்புபவர் ஒருவர். நாற்பது நாளும் மாறாத இடைத்தர நலத்தை விரும்புபவர் மற்றொருவர். வினா ஒலியைப் பற்றியது மட்டுமன்று, காலத்தைப் பற்றியதுமாகும்.

பணக்கணக்கும் இவ்வாறே. விலை இருமடங்கு, விளம்பரங்கள் ஆயுள் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்கின்றன. விளம்பரத்தை முற்றாக நம்பவேண்டியதில்லை. ஒருவர் தம் கையில் உறையில்லாத் தந்தி எத்தனை நாள் நலமாக ஒலிக்கிறது என்பதை நாட்குறிப்பில் எழுதிவைத்து, பின் உறையிட்டதற்கும் அவ்வாறே எழுதினால் உண்மை தானே புலப்படும். ஆயுள் இருமடங்குக்கு மேற்படின் உறையிட்டதே மலிவு. மேற்படாவிடின் அது ஆடம்பரம். வன்மையாக மீட்டி வாரந்தோறும் தந்தியை அறுப்பவருக்கு உறையால் இலாபம் இல்லை. உறை அழுக்கைத் தடுக்குமேயன்றி அறுதலைத் தடுக்காது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் இலங்கை ரூபாவின் பெறுமதி சில வாரங்களிலே பெருவீழ்ச்சியடைந்தபோது, தந்தி போன்ற இறக்குமதிப் பொருள்களைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டிய கட்டாயத்தை இசைப்போர் நன்கு உணர்ந்தனர்.

ஆகவே, எவருக்கு எது பொருந்தும்? அடிக்கடி தந்தி மாற்றும் வசதியுடையவரும், இசைத்தட்டுக்கோ அரங்குக்கோ முதல்நாட் பொலிவை நாடுபவரும், உலோகத்தின் இயல்பான தொடுகையை விரும்புபவரும் உறையில்லாததைக் கொள்க. வியர்வை மிகுந்த கையினரும், கரையோரத்தில் வாழ்வோரும், கிழமைக்கு ஒருமுறை மட்டும் கருவியைக் கையிலெடுப்போரும், பலர் கைமாறி வாசிக்கும் பாடசாலைக் கருவிக்குப் பொறுப்பானோரும் உறையிட்டதைக் கொள்ளல் நன்று. நைலோன் தந்தி பூட்டிய செந்நெறிக் கிற்றாருக்கு இவ்வினா பெரும்பாலும் எழுவதில்லை. அதற்கு உருக்குத் தந்தியை ஒருபோதும் பூட்டலாகாது. உருக்குத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையுடன் இழுக்கும். மெல்லிய செந்நெறிக் கருவியின் பாலம் பெயர்ந்துவிடும்.

எதனை வாங்கினும் பேணுதல் இன்றியமையாதது. வாசிக்குமுன் கைகழுவுக. வாசித்தபின் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழுமாகத் துடைத்து, கருவியைப் பெட்டியில் வைத்து மூடுக. இதற்கு ஒரு நிமிடம் போதும். துணியின் விலை உறையின் விலையிற் சிறு பங்குமாகாது.

இறுதியாக, எல்லாவற்றிலும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. பல பாடசாலைகளின் இசையறைகளிலே துருவேறிய தந்தியுடன் ஒரு கிற்றார் சுவரோரம் சாய்ந்திருக்கும். ஆர்வமுள்ள பிள்ளை அதனை எடுக்கிறது. சொல்லிக்கொடுத்த மெட்டில் விரலைச் சரியாகவே வைக்கிறது. சுரம் பிழையாக எழுகிறது. மீண்டும் வைக்கிறது, மீண்டும் பிழை. துரு விரலையும் உறுத்துகிறது. தனக்குச் செவிஞானம் இல்லை என்று அப்பிள்ளை நம்பிவிடுகிறது. சில வேளைகளில் ஆசிரியரும் அவ்வாறே சொல்லிவிடுகிறார். குற்றமோ பிள்ளையின் செவியிலன்று, தந்தியிலே. அதனை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர்மேலே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டி எழும் சுரத்தையும், அதே மெட்டில் அழுத்தி மீட்டி எழும் சுரத்தையும் ஒப்பிடுக. இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின், பிள்ளையைக் குறைகூறுமுன் தந்தியை மாற்றிப் பார்த்தல் வேண்டும்.

சீவகன் வாசிக்குமுன் நரம்பை ஆராய்ந்தது தன் திறமையின்மேல் ஐயங்கொண்டதனால் அன்று; குற்றமுள்ள கருவியில் எத்திறமையும் விளங்காது என்பதை அறிந்ததனாலேயே. உறையிட்டதோ இடாததோ, அது அவரவர் கையையும் ஊரையும் பணப்பையையும் பொறுத்தது. ஆயின், கற்கும் பிள்ளையின் கையிற் கொடுக்கும் தந்தி உண்மையான சுரத்தைத் தருவதாக இருத்தல் வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.