விழாவும் விதியும்



துர்க்கா பூஜை நாட்களில் பவானிபூர்த் தெருக்களில் பந்தலுக்குப் பந்தல் சென்று தேவியைத் தரிசிப்பது வழக்கம். அதே நாட்களில் நம் இல்லங்களில் நவராத்திரிக் கொலு விளங்கும். அழைப்பும், தாம்பூலமும், சுண்டலும் அன்பின் அடையாளங்கள்.

கொரோனாத் தொற்று பரவியிருந்த 2020ஆம் ஆண்டில், அக்டோபர் 19ஆம் நாள், பூஜைப் பந்தல்களுக்குள் பொதுமக்கள் நுழையலாகாதெனக் கல்கத்தா உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சிறிய பந்தலாயின் 5 மீட்டர், பெரிய பந்தலாயின் 10 மீட்டர் தொலைவில் தடுப்பு அமைக்க வேண்டுமென்றும் பணித்தது. “தெய்வத்தைக் காணவும் தடையா?” என வருந்தியோர் உண்டு. அவ்வருத்தம் இயல்பானதே.

ஆயினும் நோயின் தன்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பேசும்போதும் இருமும்போதும் வெளிப்படும் நுண்துளிகளால் அது பரவுகிறது. காய்ச்சல் தோன்றுமுன்பே பிறருக்குத் தொற்றவும் கூடும். ஆகவே, “நான் நலமாகத்தானே இருக்கிறேன்” என்னும் நம்பிக்கை, கூட்டத்தில் நம் அருகே நிற்கும் முதியவருக்குக் காவலாகாது.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. வங்க மொழியில் எழுதிய அறிவிப்பு, ஊரிலிருந்து மகன் வீட்டிற்கு வந்திருக்கும் தாயாருக்கு விளங்காது. அதனைத் தமிழில் எடுத்துரைத்து, காரணத்தையும் உணர்த்துவது நம் பொறுப்பு. காரணம் அறிந்தவர், காவலர் இல்லாத இடத்திலும் விதியைப் பேணுவர்.

கொலுவிற்கு அழைக்க இயலாத ஆண்டிலும் தொலைபேசியில் நலம் விசாரிக்கலாம். அன்பு அதனால் குறைந்துவிடாது.