நாகைத் துறைமுகம்
(திருத்துறைப்பூண்டியில் செய்த சொற்பொழிவு)



சீன தேசத்தில் சுவான்சௌ என்று ஒரு பெரிய துறைமுகப் பட்டணம். அங்கே 1281-ல் சம்பந்தப் பெருமாள் என்பவர், சீனத்தை ஆண்ட குப்ளாய்கானின் நலத்துக்காகச் சிவனைப் பிரதிஷ்டை செய்ததாகத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. கடல் தாண்டினவன் சாதி கெட்டவன் என்பது தர்ம சாஸ்திரம். அதைக் கேட்டிருந்தால் அந்தச் சிவனுக்கு அங்கே இடம் ஏது? ஆகவே வியாபாரம் என்று வந்தால் சாஸ்திரம் கரையிலேயே நின்றுவிடும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தக் கடல் பாதையில் நம் பக்கத்து ஊர் நாகப்பட்டணம். இராஜராஜன் காலத்தில் கடாரத்தரசன் இங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினான். அதற்காக ஆனைமங்கலம் கிராமத்தில் 97 வேலிக்கு மேல் நிலமும், அதிலிருந்து வரும் 8,900 கலத்துக்கு மேற்பட்ட நெல்லும் விடப்பட்டன. அந்தச் செப்பேடு ஹாலந்து தேசத்து லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லை காட்டப் பிடியானை சுற்றி வந்ததுகூட அதில் இருக்கிறது. வேலி என்றால் என்ன, கலம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு நெல்லை நட்டு அறுத்தவன் யார் என்று மட்டும் எழுதி வைக்க எவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பள்ளி என்ன ஆயிற்று? நாகைப் பொன் புத்தரை எடுத்துப் போய்த்தான் திருமங்கையாழ்வார் ஸ்ரீரங்கத்துத் திருப்பணி செய்தாரென்று வைணவக் குருபரம்பரையே பெருமையாகச் சொல்லுகிறது. கதைதான், ஆனாலும் திருட்டைப் புண்ணியமாகச் சொல்லும் கதை. கப்பற்காரர்களுக்கு அடையாளமாக நின்ற புதுவெளிக் கோபுரத்தை 1867-ல் பாதிரிமார்கள் சர்க்கார் உத்தரவு பெற்று இடித்தார்கள். ஆழ்வாரானாலென்ன, பாதிரியானாலென்ன?

பிறகு போர்ச்சுகீசியர், 1658-ல் டச்சுக்காரர், 1781-ல் இங்கிலீஷ்காரர் என்று கை மாறிற்று. 1861-ல் தஞ்சாவூர் வரை ரயில் போட்டார்கள். டெல்டா நெல் வண்டியேறிக் கடற்கரைக்கு வந்தது. நாகையில் கப்பல் கரையோரம் வந்து கட்ட முடியாது. தூரத்தில் நங்கூரம் போட, படகில்தான் ஏற்றி இறக்க வேண்டும். மூட்டைகளோடு மனிதர்களையும் அப்படியே ஏற்றினார்கள்.

இந்த ஜில்லாவில் சாணிப்பாலும் சவுக்கடியும் வாங்கிய பண்ணையாள்தான் அந்த மனிதன். கங்காணியை நம்பி மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்துக்குப் போனான். அங்கே சுகமா என்றால் இல்லை. தோட்டத்து லயமும் கடுமையானதுதான். ஆனால் இங்கே மிராசுதார் தெருவில் துண்டைத் தோளில் போட முடியாதவன், அங்கே மாதம் பிறந்தால் கையில் காசைக் கண்டான். அந்த வித்தியாசத்துக்காகவே ஏழு கடல் தாண்டினான். 1938-ல் இந்திய சர்க்கார் கூலிகளை அனுப்புவதை நிறுத்திற்று.

ரயில்வே பட்டறையும் நாகையில் இருந்தது. அதைப் பொன்மலைக்கு மாற்றி ஆட்களைக் குறைக்கப் போக, 1928-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்து, அடக்கப்பட்டது. ஊருக்கு இருந்த ஒரு பிழைப்பும் போயிற்று. நாகையிலிருந்து மலாய்க்குப் போய் வந்த சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடித்தது. அதோடு அந்தப் பிரயாணமும் முடிந்தது. 2009-ல் பக்கத்துக் காரைக்காலில் தனியார் துறைமுகம் வந்தது; நிலக்கரி அங்கே இறங்குகிறது. 2023-ல் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பிரயாணிகள் கப்பல் விட்டிருக்கிறார்கள்.

சோழன் கடாரம் வென்றான் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள், அதே கடலைக் கூலியாய்க் கடந்தவனுக்கு நாகைக் கடற்கரையில் ஒரு கல்லாவது நட வேண்டுமா, வேண்டாமா? அடுத்த கூட்டத்துக்குள் யோசித்து வாருங்கள்.